ஐந்து தம்ளர் தண்ணீர்

என் ஆச்சிக்குச் 'சிறுநீரகம்' என்னும் சொல் தெரியாது. தென்காசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் அவ்வுறுப்பைக் 'குண்டிக்காய்' என்பர். இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் அது அகராதியில் இடம்பெற்ற பழந்தமிழ்ச் சொல். ஆட்டிறைச்சிக் கடைக்குச் செல்வோர் இன்றும் அச்சொல்லையே வழங்குகின்றனர். தில்லியில் எங்கள் வீட்டில் அதன் பெயர் 'கிட்னி'. என் தமிழ்ப் பாடநூலில் 'சிறுநீரகம்'. மருத்துவமனையிலோ அதற்கு நான்காவதாக ஒரு பெயர் காத்திருந்தது.

நான் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா ஆச்சியைத் திருக்குறள் விரைவு வண்டியில் தில்லிக்கு அழைத்து வந்தார். ஆச்சிக்கு அப்போது அறுபத்தாறு வயது. ஓராண்டாகவே அவர் சோர்ந்திருந்தார். பசி குன்றிவிட்டது, மாலையில் கால்கள் வீங்கின, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊரில் இரத்தசோகை என்று கூறிச் சத்து மருந்து கொடுத்தனர். அண்டை வீட்டார் நாள்தோறும் முருங்கைக்கீரை பறித்து வந்து தந்தனர். நிறம் தேறவில்லை.

இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. அப்பாவுக்கு அலுவலகத்தில் ஓயாமல் விடுப்பு எடுக்க இயலாது. அம்மாவுக்கு இந்தி கடைவீதிக்கு மட்டுமே போதும். ஆகவே ஆச்சிக்கும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் பணி எனக்கு வந்தது. வெளிமாநிலங்களில் வளரும் உங்களில் பலருக்கும் இப்பணி புதிதன்று.

மருத்துவர் அம்மையார் ஆச்சியின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார். பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பின்னும் அங்கே குழி நின்றது. இரத்த அழுத்தம் 180/110 இருந்தது. பிறகு ஆய்வு முடிவுகளைப் புரட்டி, "குர்தா பழுதாகிவிட்டது" என்று இந்தியில் கூறினார். தில்லிக்கு வந்த முதல் வாரத்தில் ஆச்சி கற்றுக்கொண்ட இந்திச் சொற்களுள் ஒன்று 'குர்தா'. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அணியும் நீண்ட சட்டை அது. ஆச்சி குனிந்து தம் சேலையைப் பார்த்துவிட்டு, என் உடையையும் பார்த்துவிட்டு, "எங்கனட்டி கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டார். இந்தியில் சிறுநீரகத்தைக் குறிக்கும் சொல்லும் சட்டையைக் குறிக்கும் சொல்லும் வேறு வேறு ஒலிகள் உடையவை. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தாம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சட்டை இல்ல ஆச்சி, குண்டிக்காய்" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய பின் அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஒன்பது மாதங்களில் நான் மொழிபெயர்த்த செய்திகள் பல. எனக்கே விளங்காத ஒன்றை ஆச்சிக்கு விளக்க இயலாது. ஆகவே மருத்துவரிடமும் உயிரியல் ஆசிரியரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் சிறுநீரகத்தை நான் அறிந்துகொண்டேன்.

சிறுநீரகங்கள் முதுகுப்பக்கத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ளன. வடிவத்தில் அவரை விதையைப் போன்றவை. நீளம் பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர். எடை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம். வலப்புறம் மேலே கல்லீரல் இடம்பிடித்திருப்பதால், வலச் சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும். இத்துணைச் சிறிய உறுப்புகளுக்கு இதயம் தான் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரான் என்பது ஒரு நுண்ணிய சல்லடையும் அதைத் தொடர்ந்து வளைந்து செல்லும் மெல்லிய குழலும் சேர்ந்தது. சல்லடையின் வழியே ஒரு நாளில் கசியும் நீர்மம் ஏறத்தாழ 180 லிட்டர். உங்கள் வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் குடிநீர்க் குடுவைகளை எண்ணிப் பாருங்கள், ஒன்பது குடுவை! ஆனால் நாம் வெளியேற்றும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போயிற்று?

இக்கேள்வியை ஆச்சியும் கேட்டார். அவருக்கு நான் பரணைக் காட்டி விடை கூறினேன். பொங்கலுக்கு முன் பரணை ஒழிக்கும்போது, வேண்டாதவற்றை மட்டும் தேடி எடுப்பதில்லை. எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, வேண்டியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றி வைக்கிறோம்; கீழே எஞ்சியது குப்பைக்குப் போகும். சிறுநீரகமும் இவ்வாறே செய்கிறது. நீர், உப்புகள், சர்க்கரை, கழிவு என்று பாராமல் சிறிய மூலக்கூறுகள் யாவற்றையும் சல்லடை வெளியே விட்டுவிடுகிறது. பின்னர்க் குழலானது சர்க்கரையை முழுவதும், நீரையும் உப்புகளையும் உடலுக்குத் தேவையான அளவிலும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. யூரியா, கிரியேட்டினின் முதலிய கழிவுகள் சிறுநீராகச் செல்கின்றன. இரத்த அணுக்களும் புரதங்களும் அளவில் பெரியவை. நல்ல சல்லடை அவற்றை விடாது. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் தொடர்ந்து தென்பட்டால், சல்லடையின் கண்கள் சிதைந்துள்ளன என்று பொருள். சிறுநீரில் நுரை நெடுநேரம் அடங்காமல் நிற்பது இதன் அறிகுறியாக இருக்கலாம்.

"அப்பம் எனக்கு ஏன் ரெத்தம் இல்ல?" என்றார் ஆச்சி. சரியான கேள்வி. சிறுநீரகம் கழிவகற்றும் உறுப்பு மட்டுமன்று. இரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சைக்கு ஆணையிடும் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரை அதுவே பெரும்பாலும் சுரக்கிறது. சிறுநீரகம் நலிந்தால் அவ்வாணை செல்வதில்லை; எத்தனை முருங்கைக்கீரை உண்டாலும் இரத்தம் ஊறாது. ஆச்சியின் ஹீமோகுளோபின் 7.8 ஆக இருந்ததற்கு முதன்மைக் காரணம் இதுவே. அன்றியும், வைட்டமின் டியை உடல் பயன்படுத்தத்தக்க வடிவமாக மாற்றி எலும்புகளைக் காப்பதும், இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதில் பங்கேற்பதும், அமில அளவை நிலைநிறுத்துவதும் சிறுநீரகத்தின் கடமைகளே.

இத்துணைப் பணிகளைச் செய்யும் உறுப்பு, தன் துன்பத்தை மட்டும் எளிதில் வெளிப்படுத்துவதில்லை. கல் வந்து அடைத்தால் துடிக்கவைக்கும் வலி உண்டு. நாட்பட்ட சிறுநீரக நோய்க்கோ பெரும்பாலும் வலியே இல்லை. நெஃப்ரான்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை கூடுதல் சுமையை ஏற்றுக்கொண்டு உழைக்கின்றன. அதனால் திறனில் ஏறத்தாழப் பாதி குறையும்வரை இரத்தத்தில் கிரியேட்டினின் அளவுகூடத் தெளிவாக உயர்வதில்லை. கால் வீக்கமும் பசியின்மையும் அரிப்பும் தோன்றும்போது நோய் வெகுதூரம் சென்றிருக்கும்.

சல்லடை ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதைக் கொண்டு மருத்துவர்கள் நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர். 90க்கு மேல் இருப்பது இயல்பு. அவ்வாறிருந்தும் சிறுநீரில் புரதம் முதலிய சிதைவின் அடையாளம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது முதல் நிலை. 15க்குக் கீழ் சென்றால் ஐந்தாம் நிலை. பெண்களுக்குக் கிரியேட்டினின் பொதுவாக 1.1க்குள் இருக்கும், ஆச்சிக்கு 4.1. கணக்கிட்டால் அவருடைய வடிகட்டும் திறன் 11. ஒலியலைப் படத்தில் இரு சிறுநீரகங்களும் ஏழரைச் சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தன. பல்லாண்டுகளாக நடந்துவந்த சிதைவு அது.

காரணம் என்ன? உலகெங்கும் இந்நோய்க்கு முதற்காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் ஆகும். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், இவ்விரண்டும் இல்லாத உழவர்கள்கூடப் பெருமளவில் இந்நோய்க்கு ஆளாகின்றனர்; அறிவியலாளர் அதன் காரணத்தை இன்னும் ஆராய்ந்துவருகின்றனர். ஆச்சிக்கு நீரிழிவு இல்லை. இரத்த அழுத்தத்தை அவர் தம் வாழ்நாளில் ஒருமுறையும் அளந்து பார்த்ததில்லை. வேறொன்றும் இருந்தது. முப்பது ஆண்டுகள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்தே அமர்ந்து பீடி சுற்றியவர் அவர். இடுப்பும் கழுத்தும் நோகும்போதெல்லாம் ஊர்க் கடையொன்றில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவார். மருத்துவரின் சீட்டை அக்கடைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வகை மாத்திரைகள் பல, சிறுநீரகத்துக்குள் செல்லும் நுண்ணிய இரத்தக்குழாய்களை விரித்துவைக்கும் வேதிப்பொருள்களைத் தடுத்துவிடுகின்றன. அதனால் உள்ளே இரத்த ஓட்டம் குறைகிறது. எப்போதோ ஒன்று உட்கொள்வது வேறு. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்வது வேறு. அழுத்தமா மாத்திரையா என்று உறுதியாகப் பிரித்துக் கூற இயலாது என்றார் மருத்துவர்.

"அந்த மாத்திர இல்லேன்னா நான் எப்பிடிட்டி ஆயிரம் பீடி சுத்துவேன்?" என்றார் ஆச்சி. அந்தப் பீடிக் கூலியில்தான் அப்பா கல்லூரிக்குச் சென்றார். இதை மருத்துவரிடம் நான் இந்தியில் கூறினேன். அவர் சற்று நேரம் எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

பின்னர் உணவுக்கட்டுப்பாடு தொடங்கிற்று. தமிழர் வீடு ஒன்றில் இக்கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்துவது எத்துணைக் கடினம் என்பதை அன்று அறிந்தோம். உப்பு குறைய வேண்டும். எனவே ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு யாவும் விலக்கப்பட்டன. நலிந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடக்கூடும். ஆகவே வாழைப்பழமும் இளநீரும் கீரைகளும் நீங்கின. நோயாளியைக் காண வருவோர் நம் வழக்கப்படி எதை வாங்கி வருவர்? இளநீரும் வாழைப்பழமும்தானே! மற்றவருக்கு நன்மை தரும் இளநீர் ஆச்சிக்கு நஞ்சு என்று விளக்குவதற்கு அம்மா பெரிதும் முயன்றார். காய்களைச் சிறு துண்டுகளாக அரிந்து, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தார். பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். "ருசியும் அதுகூடயே போயிருது" என்பார் ஆச்சி.

ஒன்பது மாதம் இவ்வாறு கழிந்தது. அதன்பின் குமட்டல் மிகுந்தது, வடிகட்டும் திறன் 7க்கு இறங்கியது, சிறுநீரும் குறைந்துவிட்டது. ஒரு நாளில் அருந்தும் நீர்மம் மொத்தம் ஒரு லிட்டரைத் தாண்டக்கூடாது என்றனர். எங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர் 200 மில்லிலிட்டர் கொள்ளும். ஆக, ஐந்து தம்ளர். காலைக் காப்பி ஒன்று. மாத்திரைக்கு நீர் அரை. சோற்றில் ஊற்றிய இரசமும் மோரும் கணக்கில் சேரும். தில்லியின் மே மாத வெயிலை நீங்கள் அறிவீர்கள். ஆச்சி ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் கரித்துண்டால் கோடுகள் இடுவார். பீடிக் கட்டுகளை எண்ணிப் பழகிய கை. ஐந்து கோடு விழுந்துவிட்டால், நா வறண்டாலும் கேட்கமாட்டார். தாகம் பொறுக்காத நாள்களில் அம்மா சிறு பனிக்கட்டித் துண்டு ஒன்றைத் தருவார். அதுவும் கால் கோடு.

அவ்வாண்டே டயாலிசிஸ் தொடங்கியது. செயற்கைச் சிறுநீரகத்தைக் கொண்டு இரத்தத்தைத் தூய்மை செய்யும் முறை இது. இதற்குப் பயன்படத்தக்க முதற்கருவியை அமைத்தவர் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர். நெதர்லாந்து ஜெர்மனியரின் பிடியில் இருந்த காலம்; பொருள்கள் கிடைக்காத காலம். இறைச்சித் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டு, 1943இல் கோல்ஃப் அக்கருவியை உருவாக்கினார். முதலில் சிகிச்சை பெற்ற பலர் பிழைக்கவில்லை. 1945இல் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்மணி கண்விழித்தார். அவருக்கு வயது அறுபத்தேழு. இச்செய்தியை நான் படித்துக் காட்டியபோது ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் இப்பம் அறுவத்தேழுதானே?" என்றார்.

கருவியில் இரத்தம் செல்ல அகன்ற வழி வேண்டும். அதற்காக ஆச்சியின் இடக்கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்தனர். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறை அது. தமனியின் விசையோடு இரத்தம் பாய்வதால் சிரை நாளடைவில் தடிக்கும். அவ்விடத்தில் விரலை வைத்தால், சிமிழுக்குள் அடைபட்ட வண்டைப் போல ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கும்வரை வழி திறந்திருக்கிறது. பள்ளிக்குப் புறப்படுமுன் நாள்தோறும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அக்கையில் இரத்த அழுத்தம் அளக்கக்கூடாது, ஊசி போடக்கூடாது, குடமும் தூக்கக்கூடாது.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒருமுறைக்குத் தூய்மைப்படுத்திய நீர் மட்டும் ஏறத்தாழ 120 லிட்டர் செலவாகும். ஐந்து தம்ளரில் வாழும் ஆச்சி இதைக் கேட்டுக் கருவியைச் சற்றுப் பொறாமையோடு பார்த்தார் என்றே எனக்குத் தோன்றியது. ஆயினும் இக்கருவி இயற்கைச் சிறுநீரகத்துக்கு ஈடாகாது. இரவு பகலாக நடக்க வேண்டிய வேலையை வாரத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் அது செய்கிறது. இயக்குநீர்களை அதனால் சுரக்க இயலாது. அவற்றுக்குத் தனியே ஊசி வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் மருத்துவர் பேசினார். இந்தியாவில் அவ்வறுவை முதன்முதலாக வெற்றி பெற்றது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1971இல். ஒரு சிறுநீரகத்தோடும் ஒருவர் நலமாக வாழ இயலும் என்பதால் நெருங்கிய உறவினர் கொடையளிக்கலாம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தும் பெறலாம். அப்பா முன்வந்தார். ஆச்சி மறுத்தார். அதைப்பற்றி மேலும் பேச அவர் இடங்கொடுக்கவில்லை.

அவருக்கு ஊர் நினைவு வந்துகொண்டே இருந்தது. அடுத்த படுக்கையில் பீகார் மாநிலத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். மாவட்ட மருத்துவமனைகளில் ஏழையருக்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டதன் பயனாக, தம் ஊருக்கு அருகிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஒருநாள் அவர் விடைபெற்றார். ஆச்சி அதை என்னிடம் இருமுறை மொழிபெயர்க்கச் சொன்னார். எட்டு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் அவருக்கும் ஓரிடம் கிடைத்தது. நாட்காட்டியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அவர் புறப்படுமுன் மருத்துவர் எங்கள் வீட்டார் அனைவரையும் ஆய்வு செய்துகொள்ளுமாறு பணித்தார். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் நெருங்கிய உறவினரும் ஆய்வு செய்துகொள்வது நல்லது. பெரிய செலவில்லை: இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரையும் கிரியேட்டினினும், சிறுநீரில் ஆல்புமின். எனக்கும் அம்மாவுக்கும் யாவும் இயல்பாக இருந்தன. அப்பாவின் கிரியேட்டினினும் இயல்பே. அவருக்கு வலியில்லை, வீக்கமில்லை, சோர்வில்லை. ஆனால் இரத்த அழுத்தம் 150/96. சிறுநீரில் ஆல்புமின் விகிதம் 30க்குக் கீழ் இருக்க வேண்டும், அவருக்கு 86. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே அளவு. மருத்துவர் அழுத்தத்தைக் குறைப்பதோடு சல்லடையையும் காக்கும் ஒரு மாத்திரையைத் தொடங்கினார். அப்பா ஊறுகாய்ச் சாடியை அம்மாவிடமே ஒப்படைத்தார். மாலையில் குடியிருப்பைச் சுற்றி ஐந்து முறை நடக்கலானார்.

ஓராண்டு கடந்து வந்த முடிவை நான்தான் தொலைபேசியில் ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன்.

"இருபத்தெட்டு ஆச்சி."

"அது கூடணுமாட்டி, கொறயணுமா?"

"கொறயணும்."

"மின்ன எவ்வளவு?"

"எம்பத்தாறு."

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, அப்பாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார்.